எத்வாவுக்கு ஒரு டிக்கெட்

நைட்டி விற்கிறவளுக்குத் திறக்காத கதவு திண்டுக்கல்லில் கிடையாது. இதைக் கண்டுபிடித்தவள் தாஹிரா. தனியார் துப்பறிவாளர் என்று பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் சின்னப் பலகை மாட்டியிருக்கிறாள் என்பதற்காக, கோட்டும் தொப்பியும் பூதக்கண்ணாடியுமாக யாராவது அவளைக் கற்பனை செய்துகொண்டு படியேறினால் ஏமாந்துதான் போவார்கள். கறுப்புப் புர்கா, தோளில் ஒரு நைட்டி மூட்டை, தவணைக்கும் தருவேன் என்று ஒரு சிரிப்பு, அவ்வளவுதான் அவளுடைய ஆயுதம். மாப்பிள்ளை குடிப்பாரா, முதல் கல்யாணம் ஒன்றை மறைத்து வைத்திருக்கிறார்களா என்பதையெல்லாம் மூட்டையை அவிழ்த்துக் கட்டுவதற்குள் தெரிந்துகொண்டு வந்துவிடுவாள். எழுத்தில் எதுவும் தரமாட்டாள். எதிரே உட்கார்ந்து கண்டதைக் கண்டபடி வாயால் சொல்வாள், கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். அதனால் நின்றுபோன கல்யாணங்கள் ஊரில் நிறைய. அவளை வாய்க்கு வந்தபடி திட்டுகிறவர்கள்கூட, அவள் பொய் சொன்னாள் என்று மட்டும் சொன்னதில்லை.

தோல் வியாபாரி முகமது ரஃபீக் அவளைத் தேடி வந்தது கல்யாண விஷயமாக அல்ல. பேகம்பூரில் பழைய தோல் குடோனை இடித்துவிட்டு அவர் ஒரு லைன் வீடு கட்டியிருந்தார். அதில் வடக்கத்தி ஆட்கள் குடியிருந்தார்கள். ஆண்கள் கட்டட வேலைக்கும் பெண்கள் நூல் மில்லுக்கும் போகிறவர்கள்.

“நாலு ரூமுக்கு வாடக குடுக்குறாய்ங்க தாஹிரா. ஆனா மூணு ரூம்லதான் குடியிருக்காய்ங்க,” என்றார் ரஃபீக்.

“அதுல ஒங்களுக்கு என்ன நட்டம்ண்ணே?”

“ஒரு ரூமுக்குள்ள ஏழெட்டுப் பேரு நெருக்கியடிச்சுப் படுத்துக் கெடக்காய்ங்க. பக்கத்துல ஒண்ணு சும்மா கெடக்கு. குடியிருக்காத ரூமுக்கு எவனாச்சும் வாடக குடுப்பானா? கஞ்சாவா கள்ள நோட்டான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். இதுல ஒருநா பொழுதடையிற நேரத்துல இரும்பத் தட்டுற சத்தம் வேற கேட்டுச்சுன்னு அக்கம்பக்கத்துல சொல்றாக. வெள்ளிக்கிழம காலி பண்ணுங்கன்னு சொல்லிட்டேன். அதுக்குள்ள என்னன்னு பாத்துச் சொல்லு. தப்புத்தண்டா இல்லேன்னா இருந்துட்டுப் போகட்டும்.”

ரஃபீக் கெட்ட மனிதர் அல்ல. ஐந்து வேளையும் தொழுகிறவர். மந்திரம், தாயத்து, தகடு என்று எவனாவது தெருவில் வந்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறவர். அந்தக் கண்டிப்பு ஊருக்கே தெரியும்.

மறுநாள் சாயங்காலம் தாஹிரா மூட்டையோடு லைன் வீட்டுக்குள் நுழைந்தாள். முதல் ஆச்சரியம் வாசலிலேயே காத்திருந்தது. மற்ற மூன்று அறைகளின் நாதாங்கியிலும் கொழுத்த பூட்டுகள் திறந்தபடி தொங்க, கடைசி அறையின் நாதாங்கியில் ஒன்றுமே இல்லை. திண்டுக்கல்லில் பூட்டுக்கா பஞ்சம்? கஞ்சாவை வைத்துக்கொண்டு கதவை வெறுமனே சாத்தி வைக்கிற முட்டாளை அவள் இதுவரை பார்த்ததில்லை. அந்த இடத்திலேயே ரஃபீக்கின் சந்தேகத்தில் பாதி செத்துப்போனது.

“அக்கா, உள்ள வாங்க. செத்த நேரம் உக்காருங்க,” என்று வரவேற்றவள் பெயர் சோம்பாரி. முப்பது வயதிருக்கும். ராஞ்சிப் பக்கத்துக் காட்டூரில் பிறந்தவள், மில்லில் பழகிய தமிழை மதுரைக்காரியைப் போலப் பேசினாள். அந்தக் கூட்டத்துக்காக வெளியாட்களிடம் பேசுகிறவள் அவள்தான். இந்தியில் எதையோ கேட்டுத் தன் புலமையைக் காட்டிக்கொள்ளப் பார்த்த தாஹிராவை, “நாங்க இந்திக்காரங்க இல்லக்கா, முண்டா ஆதிவாசிங்க. எங்க பாஷ வேற,” என்று சிரித்தே அடக்கினாள்.

நைட்டிகள் கைமாறிக்கொண்டிருக்கும்போது தாஹிராவின் கண் கடைசி அறையை மேய்ந்தது. கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே கட்டில் இல்லை, பெட்டி இல்லை, கொடியில் ஒரு துணி இல்லை. சிமெண்டுத் தரைக்கு மேல் சாணம் மெழுகியிருந்தார்கள். மூலையில் ஒரு மண்பானை, பக்கத்தில் மூன்று சின்னக் கிண்ணங்கள். சாமி படமும் கிடையாது, விளக்கும் கிடையாது. அடுப்பிலிருந்து சோற்றை இறக்கிய ஒரு பெண் முதல் பிடியை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு, யாரையோ செல்லமாகக் கடிந்துகொள்வதைப் போல நாலு வார்த்தை பேசினாள். பிறகு அவளே சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

யாரையோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று தாஹிரா முடிவு கட்டினாள். எந்த மில் விடுதியிலிருந்தோ சொல்லாமல் வந்துவிட்ட சின்னப் பெண்ணாக இருக்கலாம். கதவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருப்பாள். பாவம்தான், ஆனால் கண்டதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அடுத்த நாள் நைட்டி அளவு மாற்றித் தருகிற சாக்கில் மறுபடி வந்தாள். எல்லோரும் பாத்திரம் கழுவப் போன நேரம் பார்த்து, நைசாக அந்த அறைக் கதவைத் தள்ளிப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. யாரும் இல்லை.

“அக்கா.”

பின்னால் சோம்பாரி நின்றாள். “நீங்க நைட்டி விக்கிறவங்க இல்ல. நைட்டி விக்கிறவங்க கண்ணு எங்க ஒடம்பத்தான் அளவெடுக்கும். ஒங்க கண்ணு வந்ததுலருந்து இந்த ரூமத்தான் அளவெடுக்குது.”

இத்தனை வருடத் தொழிலில் தாஹிரா கையும் களவுமாகப் பிடிபட்டது அதுதான் முதல் தடவை. சமாளிக்கத் தோன்றவில்லை. யார் அனுப்பினார், எதற்கு அனுப்பினார் என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். சோம்பாரி கோபப்படுவாள் என்று பார்த்தால், அவள் வாசலில் உட்கார்ந்துகொண்டு பக்கத்தில் இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

“எங்க ஊர்ல ஒவ்வொரு வீட்டுலயும் உள்ளுக்குள்ள ஒரு ரூம் இருக்கும்க்கா. அது செத்துப்போனவங்களுக்கு. ஒடம்பு மண்ணுக்குப் போயிரும். நெழல் எங்க போகும்? அத வீட்டுக்குக் கூப்புட்டுக் கொண்டாந்து அந்த ரூம்ல வெக்கணும். வீட்டு ஆளுதான அவங்களும். மொத சோறு அவங்களுக்குத்தான். இங்க எங்களுக்கு ஏது வீடு? அதான் எல்லாரும் சேந்து ஒரு ரூம் புடிச்சோம்.”

“இதுக்குள்ள...” என்று தாஹிரா இழுத்தாள்.

“மூணு பேரு இருக்காங்க. ஊருக்குப் போறப்ப கூட்டிட்டுப் போவோம். அதுவரைக்கும் இங்கதான்.”

தாஹிரா தன்னையறியாமல் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். யாரும் இல்லை என்று இப்போதுதான் தன் கண்ணால் பார்த்த அறை. ஆனால் சோம்பாரி பேச்சைக் கேட்ட பிறகு, அந்த வாசலில் காலை நீட்டி உட்காரக் கூச்சமாக இருந்தது. மடக்கிக்கொண்டாள்.

“நான் பொய் சொல்ல மாட்டேன் சோம்பாரி. ரஃபீக் அண்ணன் கேட்டா இதத்தான் சொல்லணும். கேட்டா அவரு ஒங்கள இருக்க விடுவாரான்னு தெரியல.”

“எங்களப் பத்திக் கவல இல்லக்கா. நாங்க பாலத்துக்கு அடியிலகூடப் படுத்துக்குவோம். அவங்கள எங்க கூட்டிட்டுப் போறது? பாலத்துக்கு அடியிலயா?” என்றாள் சோம்பாரி. அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவள் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “அதுலயும் என் தம்பி எத்வா இன்னும் வந்து சேரவே இல்ல.”

எத்வா சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போயிருந்தான். வடமதுரைப் பக்கம் எங்கேயோ குடோன் கட்டுகிற வேலை. போலீஸ், விசாரணை என்று வரும் என்று பயந்த மேஸ்திரி, யாருக்கும் சொல்லாமல் அன்றைக்கே எரித்துவிட்டு, அவனுடைய சிமெண்டுக் கரண்டியை மட்டும் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான். எந்தச் சுடுகாடு என்று கேட்டால் வாயே திறக்கவில்லை, இப்போது போனையும் எடுப்பதில்லை. எரித்த இடம் தெரிந்தால்தான் அங்கே போய்க் கூப்பிட முடியும்.

“நீங்க ஆளத் தேடுறவங்கதான? என் தம்பியத் தேடிக் குடுங்கக்கா.”

தாஹிராவின் புருஷன் இஷாக் சவூதிக்கு வேலைக்குப் போய், தம்மாமில் மௌத்தாகி அங்கேயே அடக்கமானவர். போனில் வந்த ஒரு மணல்மேட்டின் படம்தான் அவள் பார்த்த கபர். அந்த மேடு அவருடையதுதானா என்றுகூட அவளுக்கு நிச்சயமில்லை. ஊரார் வீட்டு ரகசியத்தையெல்லாம் தோண்டி எடுத்தவளுக்கு அதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ள யாரும் இல்லாமல் போயிற்று. சோம்பாரி கேட்டதும் அவளால் மறுக்க முடியவில்லை.

தேடுவது அவளுக்குப் பெரிய காரியமாக இருக்கவில்லை. வடமதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் செத்தவர்கள் யாரும் சும்மா போவதில்லை. எவ்வளவு இல்லாதப்பட்ட வீடாக இருந்தாலும் கொட்டு முழங்கித்தான் பிணம் நகரும். திருட்டுத்தனமாக எரிக்கிறவன் கொட்டு வைத்திருக்க மாட்டான். ஆகவே நைட்டி மூட்டையோடு ஊர் ஊராகப் போன தாஹிரா ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டாள்: சமீபத்தில் கொட்டுச் சத்தம் இல்லாமல் ஏதாவது பிணம் எரிந்ததா? மூன்றாவது ஊரில், சம்பங்கித் தோட்டத்தில் பூ எடுத்துக்கொண்டிருந்த ஜக்கம்மாள் நிமிர்ந்தாள்.

“ஆமா தாயி. எரிஞ்சுச்சு. கொட்டும் இல்ல, கொள்ளி வெக்க ஒரு சொந்தமும் இல்ல. வேன்ல கொண்டாந்து இறக்கி அவசர அவசரமா வேலைய முடிச்சுட்டுப் போயிட்டாய்ங்க. எனக்கு மனசே ஆறல. யாரு பெத்த புள்ளையோன்னு மடியில இருந்த பூவ அள்ளிப் போட்டுட்டு வந்தேன். அம்புட்டுத்தேன் என்னால முடிஞ்சுது.”

வியாழக்கிழமை சாயங்காலம் சோம்பாரியும் தாஹிராவும் அந்தச் சுடுகாட்டுக்குப் போனார்கள். வழக்கப்படி இரண்டு பேராவது போகவேண்டும். மற்றவர்களுக்கு மில்லில் மாற்று ஆள் கிடைக்கவில்லை, கிடைத்த சிலரும் அறையைத் தயார் செய்ய இருந்தாக வேண்டும். “நான் கூட நிப்பேன், அம்புட்டுத்தான். எங்க மார்க்கத்துல இதெல்லாம் இல்ல,” என்று தாஹிரா முன்கூட்டியே சொல்லியிருந்தாள்.

கருகிய மண்ணில் வாடிய சம்பங்கிப் பூக்கள் அப்படியே ஒட்டிக் கிடந்தன. ஜக்கம்மாள் கொடுத்த வைக்கோலால் சோம்பாரி முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டிக் குடிசை கட்டினாள். இதைக் கொளுத்தி, உன் வீடு எரிகிறது, எழுந்து எங்களோடு வா என்று கூப்பிட வேண்டும். ஆனால் வெட்டவெளி, காற்று சுழற்றியடித்தது. தீக்குச்சி பற்றுவதும் அணைவதுமாக இருந்தது. பெட்டியில் குச்சிகள் குறைந்துகொண்டே வந்தன. சும்மா நிற்கத்தான் தாஹிரா வந்தாள். ஆனால் குச்சிகள் ஒவ்வொன்றாக அணைவதைப் பார்த்துக்கொண்டு எப்படி நிற்பது? குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புர்காவின் இரண்டு ஓரத்தையும் விரித்துக் காற்றை மறித்துக்கொண்டாள். அடுத்த குச்சி பற்றிக்கொண்டது.

குடிசை எரிந்தது. சோம்பாரி தம்பியின் கரண்டியையும் ஓர் அரிவாளையும் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டு கூப்பிட்டாள். அழுகையாக இல்லை அது. அந்தி நேரத்தில் விளையாடப் போன பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிடுகிற குரல். எத்வா என்ற பெயரைத் தவிர தாஹிராவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, புரியவேண்டிய தேவையும் இருக்கவில்லை. தொழிலில் அவள் எத்தனையோ பேரைத் தேடியிருக்கிறாள். செத்துப்போனவனைத் தேடி வந்து, இவ்வளவு தூரத்து மண்ணில் நின்று, வீட்டுக்குப் போகலாம் வா என்று கூப்பிடுகிற மனிதர்களை அன்றுதான் பார்த்தாள்.  பயம் இல்லை. தான் மிகச் சின்னவள் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

“வந்துட்டான்க்கா. போலாம்,” என்றாள் சோம்பாரி.

எப்படித் தெரியும் என்று தாஹிரா கேட்கவில்லை.

டவுன் பஸ்ஸில் கூட்டம் இருந்தாலும் மூன்று பேர் உட்காரும் சீட் ஒன்று கிடைத்தது. சோம்பாரி ஜன்னலோரத்தை விட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்தாள். ஊருக்கு வந்த புதிதில் எத்வா பஸ்ஸில் வெளியே பார்த்துக்கொண்டே வருவானாம். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்பதால் கண்டக்டர் இரண்டு சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகரப் பார்த்தார்.

“அண்ணே, ஒரு ஆம்பள டிக்கெட் குடுங்க,” என்றாள் சோம்பாரி.

“ஆம்பள யாரும்மா? எங்க நிக்கிறாரு?”

“ஏறிட்டாருண்ணே.”

கண்டக்டர் முன்னும் பின்னும் பார்த்தார். எந்த ஆம்பளையோ என்று நினைத்துக்கொண்டு டிக்கெட்டைக் கிழித்தார். அடுத்த நிறுத்தத்தில் இடுப்பில் பூக்கூடையோடு ஏறிய ஒரு பெண், காலியாக இருந்த ஜன்னலோரத்தைப் பார்த்ததும் முண்டியடித்துக்கொண்டு வந்தாள்.

“ஏம்மா, இங்க ஆளு இருக்கா?”

சோம்பாரி தாஹிராவைப் பார்த்தாள். பொய் சொல்லாதவள் என்று பேர் வாங்கிய தாஹிரா காலி சீட்டைப் பார்த்தாள். பிறகு கூடைக்காரியைப் பார்த்து, “இருக்கு,” என்றாள். ஊர் வந்து சேரும்வரை, சொன்னது பொய் என்று அவளுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அதுதான் அவளுக்கே அதிசயமாக இருந்தது.

பேருந்து நிலையத்திலிருந்து நடந்தார்கள். மேடு வந்தாலும் பள்ளம் வந்தாலும் சோம்பாரி தன் பாஷையில் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள். லைன் வீட்டு முற்றத்தில் நுழைந்தபோது ரஃபீக் நின்றுகொண்டிருந்தார். விடிந்தால் வெள்ளி, பதில் வரவில்லை என்று அவரே கிளம்பி வந்திருந்தார். கடைசி அறையின் கதவு சாத்தியிருந்தது, உள்ளே ஒரே இருட்டு.

“என்ன தாஹிரா இது? உள்ள ஆளுக உக்காந்திருக்காய்ங்க, லைட்டப் போடச் சொன்னா...”

“செத்தப் பொறுங்கண்ணே,” என்றாள் தாஹிரா. அவள் சொன்ன விதத்தில் ஏதோ இருந்திருக்கவேண்டும், ரஃபீக் ஓரமாக ஒதுங்கி நின்றார்.

சோம்பாரி கதவைத் தட்டினாள். உள்ளிருந்து ஒரு ஆண் குரல் எதையோ கேட்டது. சோம்பாரி ஒரே வார்த்தையில் பதில் சொன்னாள். வரும் வழியிலேயே தாஹிராவுக்கு அவள் அர்த்தம் சொல்லியிருந்தாள். நீங்கள் கொண்டுவந்திருப்பது சுகமா, துக்கமா என்பது கேள்வி. சுகம் என்பது பதில். கதவு திறந்தது. சோம்பாரி ஒதுங்கி நின்று, தனக்கு முன்னால் ஒருவர் நுழைய வழிவிட்டாள். பிறகுதான் தான் சுவரோரமாக நுழைந்தாள்.

விளக்கை ஏற்றினார்கள். சுவரோரத்தை விட்டுத் தரையின் நடுவே, பானை வரைக்கும், அரிசிமாவும் சாம்பலும் கலந்து மெல்லிசாகத் தூவியிருந்தது. சுவரை ஒட்டிக் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் குனிந்து அந்த மாவில் வந்தவனின் தடத்தைத் தேடினார்கள். தடம் பார்ப்பது தாஹிராவின் தொழில். அவளும் வாசலில் மண்டியிட்டுத் தேடினாள். மாவின் நடுவே, பானையை நோக்கி, நகத்தின் நுனியால் இழுத்ததைப் போல ஒரு மெல்லிய கோடு. பல்லியாக இருந்தால் கால்தடம் இருக்கும். யாராவது கையை நீட்டியிருந்தால் மாவு கலைந்திருக்கும். எதுவும் கலையவில்லை. அவள் கற்ற வித்தையெல்லாம் அந்தக் கோட்டின் முன்னால் கைகட்டி நின்றது.

“அல்லாஹ்தான் அறிவான்,” என்றாள் மெதுவாக.

உள்ளே அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வெடித்தன. ஆளுக்கு ஆள் எத்வாவிடம் பேச ஆரம்பித்தார்கள். சோம்பாரி நான்காவது கிண்ணத்தை எடுத்து வைத்தாள்.

தாஹிரா எழுந்து ரஃபீக்கிடம் வந்தாள். முற்றத்தில் நின்றபடியே தன் வழக்கப்படி சொன்னாள். “கஞ்சாவும் இல்ல, கள்ள நோட்டும் இல்லண்ணே. அந்த ரூம்ல குடியிருக்கிறது செத்துப்போனவங்க. காய்ச்சல்ல போன புத்னின்னு ஒரு மில்லுப் புள்ள. லாரில அடிபட்ட சுக்ரா. பேர் வெக்கிறதுக்கு முந்தியே போன ஒரு பச்சக் கொழந்த. சாரத்துலருந்து விழுந்த எத்வா, இவன் இப்பத்தான் வந்து சேந்தான். ஊருக்குக் கொண்டு போறவரைக்கும் இங்க வெச்சிருக்காக. அதுக்குத்தான் வாடக. நான் கண்டது இதுதான்.”

ரஃபீக்கின் முகம் வெளிறிப்போனது. “எம் வீட்டுக்குள்ளயா? இது நம்ம மார்க்கத்துக்கு ஒத்துவருமா தாஹிரா? நாளைக்கி அல்லாகிட்ட நான் என்னன்னு பதில் சொல்றது?”

“எனக்குத் தெரியலண்ணே. நீங்க பாத்து முடிவு பண்ணுங்க. ஆனா ஒண்ணு, உசுரோட இருக்கிறவங்களக் காலி பண்ணச் சொல்லத்தான் ஒங்களுக்கு வாய் வரும். செத்துப்போனவங்ககிட்ட எப்படிச் சொல்லுவீங்கன்னுதான் எனக்குத் தெரியல.”

ரஃபீக் தலை குனிந்தபடி வெளிவாசலைப் பார்த்து நடந்தார். போகிற வழி கடைசி அறையை ஒட்டித்தான். கபரஸ்தானைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே அடங்கியிருப்பவர்களுக்குச் சலாம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அவருடையது. அந்த அறையின் வாசலுக்கு நேரே வந்ததும் அது அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

“வ அலைக்குமுஸ்ஸலாம்,” என்று உள்ளிருந்து பதில் வந்தது.

ரஃபீக் நின்ற இடத்திலேயே விறைத்துப்போனார். சொன்னவள் சோம்பாரிதான். பேகம்பூரில் இத்தனை காலம் குடியிருப்பவளுக்கு, சலாம் சொன்னால் என்ன பதில் சொல்லவேண்டும் என்பது தெரியாதா? சோற்றுத் தட்டோடு வெளியே எட்டிப் பார்த்தவள், வீட்டுக்காரரின் கண்கள் நிறைந்திருப்பதைக் கண்டு தட்டோடு அப்படியே நின்றாள். 

“இந்த வாசல்ல தண்ணி தேங்குது,” என்றார் ரஃபீக் கடைசியில், யார் முகத்தையும் பார்க்காமல். “நாளைக்கி வெள்ளிக்கிழம கொத்தனார அனுப்புறேன். நீங்க யாரும் எங்கயும் போக வேணாம்.”

சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அந்த அறையைத் தாண்டும்வரை சத்தமில்லாமல் நடந்து போனார்.